மறுமொழி வாராத மன்றாட்டு: ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸின் விசுவாசமும் தவிப்பும்

1884 ஜனவரி 3-ஆம் நாளிட்ட ‘நேச்சர்’ அறிவியல் இதழில், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியிலிருந்து ஒருவர் எழுதிய மடல் வெளியாயிற்று. சில வாரங்களாக ஐரோப்பிய வானத்தில் தோன்றிவந்த விந்தையான அந்திச் செம்மையைப் பற்றியது அம்மடல். வழக்கமான அந்திக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளை மடலாசிரியர் ஒவ்வொன்றாகப் பிரித்துரைக்கிறார். தோன்றும் நேரம் வேறு. வானில் தோன்றும் இடம் வேறு. நிறங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் முறை வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒளியின் இயல்பே வேறு. ஒளி செறிவாக இருக்கிறது, ஆனால் அதில் பளபளப்பு இல்லை. தெளிந்த செம்மையன்று, அழன்று வீங்கிய தசையின் செம்மையைப் போன்றது என்று ஓர் உவமையும் அங்கே வருகிறது. அறிவியல் இதழின் பக்கத்தில் அந்த உவமை சற்றுத் திடுக்கிட வைக்கும்.

அச்செம்மைக்குக் காரணம் வெகுதொலைவில் இருந்தது. 1883 ஆகஸ்ட் 26, 27 ஆகிய நாள்களில் சுந்தா நீரிணையில் கிரகட்டோவா எரிமலை வெடித்துச் சிதறிற்று. எரிமலையும் அது எழுப்பிய கடற்பேரலைகளும் முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. மேல்வானுக்கு எழுந்த நுண்துகள்கள் உலகைச் சுற்றிவந்து, சில திங்கள் கழித்து இங்கிலாந்தின் மாலைகளைச் சிவக்கச் செய்தன. எரிமலைத் துகளே காரணம் என்பது அந்நாளில் முடிந்த முடிவாகியிருக்கவில்லை. மடலாசிரியரின் வேலை காரணம் கற்பிப்பதன்று. கண்டதைப் பிழையின்றிச் சொல்வது. மடலின் கீழே ஜெரார்ட் ஹாப்கின்ஸ் என்று கையொப்பம் இருக்கிறது. அவர் இயேசு சபைக் குரு என்பதை நேச்சர் வாசகர் சிலர் அறிந்திருக்கலாம். அவர் கவிஞர் என்பதை அறிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருடைய முதன்மையான கவிதைகளுள் ஒன்றும் அதுவரை அச்சேறவில்லை.

கிறிஸ்தவ விசுவாசமும் அறிவியலும் என்று பேச்செடுத்தால் கலிலியோவையும் டார்வினையும் கொண்டுவந்து நிறுத்தி ஒரு வழக்காடுமன்றம் அமைப்பதே வழக்கமாகிவிட்டது. ஹாப்கின்ஸின் வாழ்க்கை அந்த மன்றத்துக்குள் அடங்குவதில்லை. அவருக்கு அறிவியலால் விசுவாசம் ஆட்டங்காணவில்லை. அவரை உலுக்கியது வேறு; அதில் எழுந்தவையே அவருடைய மிகச்சிறந்த கவிதைகளுள் சில. எது உலுக்கிற்று, அதை எப்படித் தாங்கினார் என்பதே இங்கே பேசப்படவேண்டியது.

1844-இல் லண்டனை அடுத்த ஸ்ட்ராட்ஃபோர்டில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தந்தையின் தொழில் கடல்வணிகக் காப்பீட்டில் இழப்பைக் கணக்கிட்டுப் பங்கிடுவது. கப்பல் மூழ்கினால் யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் தொழில். மகன் பிற்காலத்தில் இரண்டு கப்பல்களின் மூழ்கலைப் பாடினான், வேறு விதமான கணக்கோடு. ஆக்ஸ்ஃபோர்டில் பயிலுங்கால், 1866 அக்டோபரில், ஜான் ஹென்றி நியூமனின் கையால் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆங்கிலிக்கரான பெற்றோருக்கு அது பேரிடி. 1868-இல் இயேசு சபையில் புகுமுன் தம் கவிதைகளை எரித்தார். கவிதை தம் அழைத்தலுக்கு உரியதன்று என்று கருதி, சபைத் தலைவர் விரும்பினாலன்றி எழுதுவதில்லை எனத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். சில கவிதைகளின் படிகள் நண்பரிடம் இருந்தன என்பது வேறு கதை.

எழுதாத அந்த ஏழாண்டுகளில் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்குறிப்பு முழுவதும் மேகங்கள், மரக்கிளைகள், பனிக்கட்டி, அலையின் மடிப்பு. தவக்காலத்துச் சூடான சாக்லேட் பானத்தின்மீது ஆவி எழுந்து சுருளும் விதத்தைக்கூடக் குறித்துவைத்திருக்கிறார். வாத்து ஒன்றின் அலகிலிருந்து சுண்ணக்கட்டியால் கோடிழுத்து அதை அசையாமல் மயங்கியிருக்கச் செய்த சோதனையும் அங்கே உண்டு. மழை ஓய்ந்ததும் ஓடிப்போய், பாதையின் ஈரமணலில் மின்னும் துகள்களைக் குனிந்து உற்றுப்பார்த்துக்கொண்டிருந்த அந்த விசித்திர இளைஞரைப் பற்றி, சபையின் முதிய சகோதரர் ஒருவர் நெடுங்காலம் கழித்து நினைவுகூர்ந்தார்.

ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய உள்ளமைப்பு ஒன்றுண்டு, அதுவே அதை வேறெதுவுமாக அன்றி அதுவாகவே நிறுத்துகிறது என்பது அவர் கருத்து. அதற்கு ‘இன்ஸ்கேப்’ என்று ஒரு சொல்லைத் தாமே ஆக்கிக்கொண்டார்; தமிழில் உள்வடிவு எனலாம். 1872-இல் இடைக்கால மெய்யியலார் டன்ஸ் ஸ்கோட்டஸின் நூலைக் கண்டபோது தம் எண்ணத்துக்கு இறையியலில் ஓர் ஆதரவு கிடைத்ததென்று மகிழ்ந்தார். படைப்பை நுணுகிப் பார்த்தல் அவருக்குப் படைத்தவனை நோக்கிய வழிபாடு. ஆகவே அறிவியலாளர் பார்ப்பதைக் கண்டு அஞ்சவேண்டிய தேவை அவருக்கு எழவில்லை.

இதற்கு ஒரு நல்ல சான்று ஜான் டிண்டல். ஒளி நுண்துகள்களில் பட்டுச் சிதறுவதை ஆய்வுக்கூடத்தில் காட்டிய இயற்பியலார் அவர். கிரகட்டோவா அந்திகளை விளங்கிக்கொள்ள வேண்டிய அறிவே அதுதான். 1868-இல் சுவிட்சர்லாந்து மலைப்பயணத்தில் ஹாப்கின்ஸ் அவரைச் சந்தித்திருந்தார். 1874-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் டிண்டல் ஆற்றிய உரை, அண்டத்தின் தோற்றத்தைப் பற்றிய பேச்சு முழுவதையும் இறையியலின் கையிலிருந்து அறிவியல் எடுத்துக்கொள்ளும் என்று முழங்கிற்று. மறையுரை மேடைகளெல்லாம் கொதித்தெழுந்தன. அப்போது வேல்சில் இறையியல் மாணவராயிருந்த ஹாப்கின்ஸ் அதைப் படித்துவிட்டுத் தாய்க்கு எழுதிய மடலில் சினம் இருக்கிறது. உரை சுவையானது, சொல்வன்மை மிக்கது என்ற ஒப்புதலும் உடனிருக்கிறது. மறுக்கவேண்டிய ஒருவரைப் பாராட்டியும் எழுத முடிந்தது. இந்தப் பண்பு அவரைக் காட்டிலும் பேர்பெற்ற பலரிடம் அன்று இல்லை. பின்னரும் அருகியே காணப்பட்டது.

1875 டிசம்பரில் பிரேமனிலிருந்து நியூயார்க் நோக்கிச் சென்ற ‘டாய்ச்லாந்து’ என்னும் கப்பல் தேம்ஸ் ஆற்றுமுகத்தின் மணல்திட்டில் மோதிற்று. இறந்தவருள் ஐவர் ஜெர்மானியச் சட்டங்களால் நாடிழந்த பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர். இதைப் பற்றி யாரேனும் பாடினால் நன்று என்று கல்லூரித் தலைவர் சொன்ன ஒரு சொல், ஏழாண்டு மௌனத்தை உடைக்கப் போதுமானதாயிற்று. முப்பத்தைந்து பாடல்களைக் கொண்ட அந்நெடுங்கவிதையின் யாப்பு ஆங்கிலத்துக்குப் புதிது. அடியில் அழுத்தம் பெறும் அசைகள் இத்தனை என்பது மட்டும் வரையறை. அவற்றிடையே அழுத்தமற்ற அசைகள் எத்தனை வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். சீரின் எண்ணிக்கை மாறாமல் அசைகள் விரிந்து சுருங்கும் என்று சொன்னால் யாப்பறிந்தவர்களுக்கு ஓரளவு விளங்கும். இதை நான் கண்டுபிடித்தேன் என்று அவர் மார்தட்டவில்லை. பாட்டிமார் பாடும் மழலைப் பாட்டிலும் மக்கள் பேச்சிலும் இது இருக்கிறதே என்றார். சபையின் இதழான ‘தி மன்த்’ அதை வெளியிட மறுத்துவிட்டது.

குருப்பட்டம் பெற்ற 1877-க்குப் பின் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. செஸ்டர்ஃபீல்ட், லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், லிவர்பூல், கிளாஸ்கோ என்று மாறிக்கொண்டே இருந்தார். லிவர்பூலின் சேரிகளில் குடியும் வறுமையும் அவரை நொறுக்கின. ஆயினும் அங்கேதான் குதிரைகளுக்கு இலாடம் அடிக்கும் ஒரு தொழிலாளியின் படுக்கையருகே அமர்ந்து, நற்கருணையும் நோயிற்பூசுதலும் தந்து, அவன் மறைந்தபின் அவனைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். நோயாளியைத் தேற்றச் சென்றவர் நோயாளியிடமிருந்து அன்பைப் பெற்றுத் திரும்பியதைச் சொல்லும் கவிதை அது. குருத்துவம் கவிதையைக் கொன்றது என்பார்க்கு அதைப் படிக்கக் கொடுக்கவேண்டும்.

1884 பிப்ரவரியில் டப்ளின். அயர்லாந்து ராயல் பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிக்கான பதவி. கூடவே யுனிவர்சிட்டி கல்லூரியில் கிரேக்கப் பேராசிரியர். ஆண்டூதியம் 400 பவுன். அது முழுவதும் சபைக்கு. ஆண்டுக்குப் பலமுறை நாடெங்கும் நடக்கும் தேர்வுகளின் விடைத்தாள்கள் அவர் மேசைக்கு வந்தன. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் நண்பருக்கு எழுதிய மடலில் ஒரு கணக்கு இருக்கிறது: 557 விடைத்தாள்கள். பட்டவர்க்கே அதன் பொருள் தெரியும் என்பது போல அங்கே ஒரு பெருமூச்சு. எவனுக்கும் அநீதி இழைத்துவிடலாகாது என்று அரை மதிப்பெண், கால் மதிப்பெண் வரை அளந்து போட்டார் என்பர். தலைவலிக்கு ஈரத்துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு விடியுமட்டும் திருத்தியதாகவும் சொல்வார்கள்.

ஆங்கிலேயர்; தன்னாட்சிக் கோரிக்கை கனன்றுகொண்டிருந்த டப்ளினில் அந்நியர். கத்தோலிக்கர், ஆகவே இங்கிலாந்தில் பெற்ற தாய்தந்தையர்க்கும் உடன்பிறந்தோர்க்கும் ஒருவகையில் அந்நியர். கிரேக்க யாப்பைப் பற்றி ஒரு நூல் தொடங்கினார், முடியவில்லை. 1886-இல் ஒளியையும் ஈதரையும் பற்றிப் பொதுமக்களுக்கு விளங்கும் நூலொன்று எழுதிக்கொண்டிருப்பதாகவும், அதுவும் முடியாது என்றே தோன்றுவதாகவும் ஒரு கவிஞ நண்பருக்கு எழுதினார். மறு ஆண்டில் மைக்கல்சனும் மோர்லியும் செய்த ஆய்வு ஈதரைக் கண்டறியத் தவறிற்று. பின்னர் இயற்பியல் அக்கருத்தையே கைவிட்டது. ஹாப்கின்ஸின் நூல் முடிந்திருந்தாலும் முப்பதாண்டுகளில் பழங்கதையாகியிருக்கும். அது அவருக்குத் தெரிய வழியில்லை. தெரிந்ததெல்லாம், தொட்டவை எவையும் முடியவில்லை என்பதே.

1885-இல் பிறந்தவை அந்தச் சானட்டுகள். பிற்காலத்தார் ‘கொடுந்துயர்ச் சானட்டுகள்’ என்று வழங்கும் ஆறு கவிதைகள். அவற்றுள் ஒன்று குருதியால் எழுதப்பட்டதென்றே சொல்லலாம் என அவர் நண்பருக்குத் தெரிவித்தார். சில தாம் அழையாமலே வந்தன என்றும் பின்னர் எழுதினார். ஒன்றில் இரவில் விழித்துக்கிடப்பவன் விடியலைக் காணவில்லை. அவன் எழுப்பும் கூக்குரல்கள் தொலைவில் வாழும் அன்பர்க்கு விடுத்துச் சேராமற்போன கடிதங்களுக்கு ஒப்பிடப்படுகின்றன. இன்னொன்றில் அவன் இருளில் யாரோ ஒருவரோடு மற்போரிட்டுக் கிடக்கிறான். பொழுது புலரும் வேளையில் அது யாரென்று தெரிகிறது. தொடக்கநூலில் யாக்கோபு விடியுமளவும் போராடிய இரவு நினைவுக்கு வரும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கருதிப்பார்க்கவேண்டும். ஐயம் என்பதை, கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியாக மட்டும் கொண்டால் இக்கவிதைகளில் ஐயமே இல்லை. ஓரிடத்திலும் அவர் கடவுளை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் துயர் குறைந்திருக்கும் என்றுகூடச் சொல்லலாம். இல்லாத ஒருவர் மறுமொழி தரவில்லை என்று யாரும் நோவதில்லை. கடவுள் உண்டு, என்னைக் கேட்கிறாரா? என் உழைப்பு அவருக்கு வேண்டுமா? நான் சரியான இடத்தில்தான் இருக்கிறேனா? இவையே அவருடைய கேள்விகள். விடைத்தாள் கட்டை அவிழ்க்கும்போது எழும் கேள்விகள் இவை. நூலகத்தில் எழுபவை அல்ல.

இறைவனோடு வழக்காடுவது தமிழ் வாசகருக்குப் புதிதன்று. கண்ணிழந்த சுந்தரர் சிவனைக் கடிந்து பாடிய மரபு இங்குண்டு. நிந்தாஸ்துதி என்று அதற்கொரு பெயரும் உண்டு. ஆனால் பெரியபுராணத்தில் சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைக்கின்றன. பாடலுக்கும் பேற்றுக்கும் இடையே ஊர்களின் தொலைவுதான். ஹாப்கின்ஸுக்குத் திரும்பிவந்தது எதுவுமில்லை. விவிலியத்துள்ளும் யோபுக்குச் சூறாவளியிலிருந்து மறுமொழி கிடைத்தது. இந்தச் சானட்டுகளில் அதுவும் இல்லை. ஆயினும் அவற்றுள் சில அவரை முன்னிலையிலேயே விளித்துப் பேசுகின்றன. மறுமொழி வாராதபோதும் விளி நிற்கவில்லை என்பதே அவற்றின் வலு.

ஏன் விலகவில்லை என்ற கேள்வி எழத்தான் செய்யும். புனித இஞ்ஞாசியார் எழுதிய ஞானப் பயிற்சிகளில் ஒரு விதி உண்டு: ஆறுதலற்ற காலத்தில் முன்பு செய்த முடிவை மாற்றலாகாது, ஆறுதல் இருந்த நாளில் எடுத்த தீர்மானத்தில் நிலைத்திருக்கவேண்டும். ஹாப்கின்ஸ் அவ்விதியின்படி நின்றார். சபை வழிநின்ற உரையாசிரியர் சிலர் இதைக் கொண்டு எல்லாம் முறையாகவே நடந்தது, இது ஆன்மப் பயணத்தின் ஒரு படி என்று சொல்லி முடித்துவிடுகின்றனர். அது எளிது. மறுபுறம் 1920-களிலிருந்து சில திறனாய்வாளர், கீழ்ப்படிதல் ஒரு பெருங்கவிஞனை நசுக்கிவிட்டது என்று வாதிடுகின்றனர். அதுவும் எளிதுதான். டப்ளினின் இருள் இல்லையேல் அந்த ஆறு சானட்டுகள் இல்லை. அந்த இருள் ஒரு மனிதரை நாற்பத்து நான்கு வயதுக்குள் தளரச் செய்தது என்பதும் பொய்யில்லை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நேர்செய்ய முடியாது. கவிதை சிறந்தது என்பதால் துன்பம் தக்கதாகிவிடாது.

1889 ஜனவரியில் டல்லபெக் என்னுமிடத்தில் தியானம் செய்த நாள்களின் குறிப்புகள் கிடைத்துள்ளன. அவற்றைப் படிப்பது கடினம். தம் உழைப்பு தாம் ஒப்பாத ஓர் அரசியல் நோக்கத்துக்கும் துணைபோகிறதே என்ற மனச்சான்றின் உறுத்தல் அங்கே இருக்கிறது. பயனற்ற வாழ்வு என்ற வெறுப்பு இருக்கிறது. ஒரு கட்டத்தில், கடவுள் நீதியுள்ளவர் என்ற ஒரு சொற்றொடரைத் தவிர வேறெதையும் சொல்ல இயலாமல் அதையே பற்றிக்கொள்கிறார். இரண்டு திங்கள் கழித்து, மார்ச் 17-இல், எரேமியா ஆகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தைத் தலைப்பில் இட்டு ஒரு சானட் எழுதினார். தீயோர் ஏன் செழிக்கின்றனர் என்று இறைவாக்கினர் தொடுத்த வழக்கை அவர் தொடர்கிறார். வசந்தத்தில் கரைகள் தழைக்கின்றன, பறவைகள் கூடு கட்டுகின்றன, தம்மிடம் மட்டும் ஒன்றும் விளையவில்லை என்று முறையிடுகிறார். மரியாதை குறையாத முறையீடு. வழக்கு மன்றத்தில் ஐயா என்று விளித்துப் பேசுபவரின் குரல். மணலில் மின்னும் துகளைக் குனிந்து பார்த்த அதே கண்தான் கரையோரத்துச் சிறு செடியின் இலைப்பின்னலையும் அங்கே பார்க்கிறது. கேட்பது தெளிவோ விளக்கமோ அன்று, வேருக்கு மழை.

அவருடைய மடல்களைப் பெற்றுக்கொண்டிருந்த நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸைப் பற்றிச் சொல்லாமல் இது நிறைவுறாது. ஆக்ஸ்ஃபோர்ட் காலத்து நண்பர், மருத்துவர். லண்டன் புனித பர்த்தலோமேயு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் ஒரே ஆண்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பார்த்தவர். ஒருவருக்கு ஒன்றரை நிமிடங்கூடக் கிடைக்கவில்லை என்று தாமே கணக்கெழுதியவர். விடைத்தாள்களின் வலி அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் இயேசு சபையின்மீது அவருக்குக் கசப்பு. நண்பரின் விசுவாசத்தை அவரால் ஏற்க முடியவில்லை. விசுவாசத்துக்கு வழி கேட்டால் வாதம் வேண்டாம், வலிக்குமளவு ஏழைகளுக்குக் கொடுத்துப் பாரும் என்று 1879-இல் ஹாப்கின்ஸ் எழுதியபோது பிரிட்ஜஸ் சினந்துகொண்டார். நட்பு முறியவில்லை. கவிதைகள் ஒவ்வொன்றாக அவரிடமே சென்று சேர்ந்தன. அவரே அவற்றைத் தாளில் ஒட்டிப் பாதுகாத்தார். தாம் ஹாப்கின்ஸுக்கு எழுதிய மடல்களைப் பின்னாளில் அழித்துவிட்டார். ஆகவே அந்த உரையாடலில் இன்று ஒரு குரல்தான் கேட்கிறது.

1889 ஏப்ரல் 22-இல் பிரிட்ஜஸை விளித்து எழுதிய சானட்டே இறுதிக் கவிதை. தம்மிடம் கவிதை பிறக்காததற்கு நண்பரிடம் சொல்லும் சமாதானம் அது. அதற்குள் குடற்காய்ச்சல் தொடங்கிவிட்டிருந்தது, அல்லது தொடங்கவிருந்தது. மதம் மாறியதற்காக ஒரு காலத்தில் மனமுடைந்த பெற்றோர் இங்கிலாந்திலிருந்து வந்து படுக்கையருகே இருந்தனர். ஜூன் 8-இல் மறைந்தார். டப்ளின் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் இயேசு சபையினரின் பொதுவிடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிரிட்ஜஸ் இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தார். அரசவைக் கவிஞராகிவிட்டிருந்த அவர் 1918-இல் நண்பரின் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். முன்னுரையில் நண்பரின் குறைகளையும் தயங்காமல் சொன்னார். நூலை, தொண்ணூறு வயதைக் கடந்து இன்னும் உயிரோடிருந்த ஹாப்கின்ஸின் தாய்க்கு உரிமையாக்கினார். அச்சிட்ட படிகள் 750. அந்த அன்னை 1920-இல் கண்மூடியபோது அவற்றுள் பல இன்னும் விற்றிருக்கவில்லை. எல்லாம் தீரப் பத்தாண்டுகள் ஆயின.